எல்லைக்கல் தேட ஆள் அழைத்தோம்: செபராங் பிறை சர்வேயர் சேவை எப்படி?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருப்பீர்கள். வேலை அருமை. விளக்கம் சொல்லும் விதம் சுமார். நேரத்துக்கு வருவார்களா என்றால், அது மழையைப் பொறுத்தது. மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் குறைவாக ஆனது, கொடுத்த காசுக்கு வருத்தமில்லை. அலுவலகம் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில், ஒரு கடைவீட்டு மாடியில். பெயரைப் போடவில்லை. "எழுதுறதுன்னா எழுதுங்கம்மா, பேரு மட்டும் வேணாம், இருக்கிற வேலையே முடியல" என்று சர்வேயரே சொல்லிவிட்டார்.

எனக்கு இந்தப் பக்கம் முற்றிலும் புதிதில்லை. வக்கீல் அலுவலகம் ஒன்றில் நிலம், வீடு விற்பனைக் கோப்புகளைப் பார்ப்பவள் நான். 14ஏ பாரம் பெயர் மாற்றத்துக்கு, 16ஏ பாரம் வங்கிக் கடனுக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இத்தனை வருடமும் எனக்கு நிலம் என்றால் தாள்தான். லாட் (மனை) எண், முக்கிம் (துணை மாவட்டம்) எண், பரப்பு, உரிமையாளர் பெயர், அதன் கீழே சார்ஜோ (அடமானம்) கேவியட்டோ (பரிமாற்றத் தடைக் குறிப்பு). அந்த லாட்டின் மூலையில் மண்ணுக்குள் ஒரு இரும்புக் குழாய் நின்றுகொண்டிருக்கும் என்று தெரியும், ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

விஷயம் அம்மாவின் நிலம். சுங்கை பாக்காப் பக்கம், தாத்தா எஸ்டேட்டை விட்டு வந்தபோது கைக்கு வந்த இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தில் வாங்கியது. பழைய கிராண்டில் (நில உரிமைப் பத்திரம்) பழைய ஆங்கிலேய அளவில் 1 ரூட் 8 போல் என்று இருந்தது, கம்ப்யூட்டர் கிராண்டில் 1,214 சதுர மீட்டர் ஆனது. இரண்டும் ஒன்றுதான், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சீன அங்கள் நல்ல மனிதர். ஆனால் சென்ற ஆண்டு பழைய கம்பிவேலியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் எழுப்பினார். சுவர் கட்ட வந்த குத்தகைக்காரர் (கான்ட்ராக்டர்) அங்கள் வீட்டுச் சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்து, அதுதான் எல்லை என்று நூல் கட்டிவிட்டார். பின்பக்கம் போகப் போக எங்கள் இடம் ஒடுங்குவது போல அம்மாவுக்குப் பட்டது. வீட்டில் பேச்சு ஆரம்பித்தது.

அண்ணன் உடனே பழைய பல்லவியைப் பாடினார்: "பன்னிரண்டு வருஷம் விட்டா அவனுக்கே சொந்தமாயிடும்." இதை நம் ஆட்கள் எங்கே பிடித்தார்கள் என்று தெரியவில்லை, ஊர்ச் சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கலாம், படத்தில் பார்த்திருக்கலாம். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. மலேசியாவில் இல்லை. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 341-ஆவது பிரிவு, எத்தனை வருடம் ஒருவர் உங்கள் நிலத்தில் இருந்தாலும் பதிவு பெற்ற உரிமையாளரின் உரிமை போகாது என்று தெளிவாகச் சொல்கிறது. இந்த நாட்டில் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர். அதன் மறுபக்கமும் உண்டு. எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் நிற்கக் காலில்லை. 2009-இல் கெலுகோரில், தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டதைப் பார்த்த பினாங்குத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, சுவர் நிலத்தை விழுங்காது. ஆனால் சுவர் உண்மையில் எங்கே நிற்கிறது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

முதலில் ஒருவர் 600 வெள்ளிக்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். கட்டட வரைபடம் போடுபவர், அண்ணனின் நண்பருக்குத் தெரிந்தவர். கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து, எங்கள் லாட் சிவப்புக் கோட்டில் தெரிவதைக் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கைபேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளாடும். எங்கள் சண்டை சென்டிமீட்டர் கணக்கு. அதோடு, எல்லைக்கல்லைத் திரும்ப நிறுவும் வேலையைச் சட்டப்படி செய்ய 1958-ஆம் ஆண்டு லைசென்ஸ் பெற்ற நில அளவையாளர் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேண்டும். பட்டம் முடித்து, லைசென்ஸ் உள்ளவரிடம் பயிற்சி எடுத்து, நில அளவையாளர் வாரியத்தின் தேர்வைத் தாண்டி வாங்குவது அது. யாரிடம் இருக்கிறது என்று வாரியத்தின் இணையத்தளத்திலேயே பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம். 600 வெள்ளிக்காரர் அங்கே இல்லை. நாளைக்கு வழக்கு என்று போனால் அவர் காட்டிய சிவப்புக் கோட்டை நீதிமன்றத்தில் யார் மதிப்பார்கள்?

பட்டர்வொர்த் அலுவலகத்துக்குப் போனபோது சர்வேயர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துவிட்டது. "கிராண்ட் முக்கிமா, எச்எஸ்எம்மா?"

இதைக் கேட்காமல் விலை சொல்லும் ஆளிடம் போகாதீர்கள். எச்எஸ்எம், எச்எஸ்டி என்று வரும் கிராண்டுகள் தற்காலிகமானவை. உரிமை என்னவோ முழு உரிமைதான். விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஆனால் முறையான அளவை முடியாததால் எல்லையும் பரப்பும் உத்தேசம். அளந்து முடித்து இறுதி கிராண்ட் வரும்போது பரப்பு கூடலாம், குறையலாம். அதுவரை நிலத்தைப் பிரிக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர் கையில் எச்எஸ்எம் வைத்துக்கொண்டு "சதுர அடி கரெக்டா இருக்குல்ல?" என்று கேட்பார்கள். கிராண்ட் முக்கிம் என்றால் ஏற்கெனவே ஒருவர் அளந்து, கல் ஊன்றி, பிளான் வரைந்து, அதை அளவைத் துறை ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தப் பிளானுக்குப் பெலான் அக்குயி என்று பெயர், சுருக்கமாக பிஏ. எங்களுடையது கிராண்ட் முக்கிம். "அப்போ கல் இருக்கும்மா. எங்கேன்னுதான் பாக்கணும்" என்றார்.

அலுவலகம் பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஒரு பக்கம் தகர அலமாரி நிறைய சுருட்டி வைத்த பிளான்கள், இன்னொரு பக்கம் பெரிய திரையில் ஒரு இளம்பெண் ஏதோ வீடமைப்புத் திட்டத்தின் சமஉயரக் கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தாள். சர்வேயருக்கு அறுபது தாண்டியிருக்கும். அந்தப் பெண் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவைப் படிப்பு) படித்துவிட்டு அவரிடம் பயிற்சியில் இருப்பவள். எங்கள் கோப்பு அவள் கைக்குத்தான் போனது. அம்மாவின் அடையாள அட்டைப் பிரதி, கிராண்ட் பிரதி, நில அலுவலகத்தில் எடுத்த புதிய தேடல் தாள் (பதிவேட்டில் இருப்பதைக் காட்டுவது), நியமனக் கடிதத்தில் அம்மாவின் கையெழுத்து. பிஏவை அளவைத் துறையின் இணையக் கடையில் அவளே வாங்கிவிட்டாள். விலைக் கடிதம் எழுத்தில் வந்தது. பாதி முன்பணம். இத்தனை கல் வரை இந்தத் தொகை, அதற்கு மேல் போனால் இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு வெள்ளி கூடக் கூட்டிக் கேட்கவில்லை.

தேடல் தாளை அவர் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். நான் எப்போதும் பார்ப்பது கடனும் கேவியட்டும். அவர் நேராகப் போனது, நிலத்தில் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொண்டதாக ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று. சாலையோ வாய்க்காலோ அகலமாக்க நிலம் எடுத்து, அதை அறிவிக்கும் கே பாரம் கொடுத்திருந்தால், முன் எல்லை உள்ளே தள்ளியிருக்கும்; ஆனால் மறு அளவை முடிந்து புது கிராண்ட் வரும்வரை பழைய பரப்பே தாளில் நிற்கும். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்து நானும் அலுவலகக் கோப்புகளில் அந்த வரியை முதலில் தேடுகிறேன்.

பயிற்சிப் பெண் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு தகவல் இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த இலவசம். பழைய பிளான்களில் கிழக்கு வடக்காக எண்கள் இருக்கும் அல்லவா, அந்த எண்களுக்குத் தொடக்கப்புள்ளி எல்லா மாநிலத்துக்கும் ஒரே இடமில்லை. சிலாங்கூருக்கு புக்கிட் ஆசா. பினாங்குக்கும் செபராங் பிறைக்கும் ஜார்ஜ்டவுனில் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டை. "அக்கா, உங்க முருங்கை மரம் அந்தக் கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம்னு என்னால சொல்ல முடியும்" என்றாள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கோட்டைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பீரங்கியைத் தொட்டுப் பார்த்தோம். இதை ஒருவரும் சொல்லவில்லை.

பினாங்கு நிலப் பத்திரங்களுக்குத் தனிக் கதையே உண்டு. 1966 வரை இங்கேயும் மலாக்காவிலும் ஆங்கிலேயர் காலத்துப் பத்திரப் பதிவு முறைதான். கட்டுக் கட்டாகப் பழைய பத்திரங்களை அடுக்கி, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கோர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் தாய்ப் பத்திரம், வில்லங்கம் என்று இன்றும் அலைகிறார்களே, கிட்டத்தட்ட அதே பாடு. பினாங்கு, மலாக்கா உரிமைகளுக்கென்று 1963-இல் போட்ட தனிச் சட்டம், 1966 ஜனவரி 1-ஆம் தேதி தேசிய நிலச் சட்டத் தொகுப்போடு சேர்ந்து நடைமுறைக்கு வந்த பிறகுதான் டாரன்ஸ் முறைக்கு மாறினோம். ஆஸ்திரேலியாவில் 1858-இல் தொடங்கியது அந்த முறை: பதிவேடே உரிமை. தாத்தா வாங்கியது இந்த மாற்றத்துக்குப் பிறகு என்பதால் எங்களுக்குத் தலைவலி இல்லை.

அளவை நாளுக்கு வருவோம். மழையால் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒருவழியாக வந்தார்கள். சர்வேயர், பயிற்சிப் பெண், இரண்டு உதவியாளர்கள். உதவியாளரில் ஒருவர் வயதான மலாய்க்காரர். எல்லோரும் பாக்சிக் (மலாயில் மாமா) என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் பாராங் கத்தி. பெண்ணின் தோளில் கம்பு, கம்பின் தலையில் காளான் மாதிரி ஒரு வெள்ளைக் கருவி. செயற்கைக்கோள் சிக்னலை அது வாங்கும். அளவைத் துறை நடத்தும் மைஆர்டிகேநெட் நிலையங்களிலிருந்து இணையம் வழியாகத் திருத்தம் வரும். திறந்த வெளியில் சில சென்டிமீட்டருக்குள் இடம் சொல்லிவிடும். ஆனால் எங்கள் பின்பக்கம் செம்பனைத் தோட்டம். ஓலைக்குக் கீழே போனதும் கருவி திணறியது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. சாலையோரம் மட்டும் அதை வைத்துக்கொண்டு, உள்ளே கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை முக்காலியில் ஏற்றினாள்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், முதல் பாதி நாள் எங்கள் நிலத்தை அளக்கவே இல்லை. மூன்று லாட் தள்ளி, கோயில் பக்கத்துச் சந்தில், எதிர்வீட்டு மாமரத்தடியில் என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அண்ணன் பொறுமை இழந்து, "காசு நம்ம நிலத்துக்குத்தானே குடுத்தோம்?" என்றார். சர்வேயர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு கல்லை மட்டும் நம்பி ஆரம்பிக்கக் கூடாது தம்பி. அதை எவனாவது நகர்த்தியிருந்தா? குறைஞ்சது மூணு பழைய கல்லு, ஒன்னுக்கொன்னு பிளான்ல இருக்கிற கோணமும் தூரமும் ஒத்துப் போகணும். அப்பதான் உங்க வீட்டுக்கு வருவேன்." கோயில் சந்தில் இருந்த கல் ஒத்துப்போனது. மாமரத்தடியில் இருந்தது ஒத்துப்போகவில்லை. யாரோ வாய்க்கால் வெட்டும்போது பிடுங்கித் திரும்ப நட்டிருக்கிறார்கள். எல்லைக்கல்லைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் கண்டுகொள்வதில்லை. அதைத் தள்ளிவிட்டு இன்னொன்றைத் தேடிப் போனார்கள்.

எங்கள் பின்மூலைதான் முக்கியம். பிளான்படி கணக்குப் போட்டு, பெண் ஒரு இடத்தில் சிவப்பு முளை அடித்தாள். அங்கே கல் இல்லை. புல், அதற்குக் கீழே அம்மா வருடக்கணக்காகக் கொட்டிய சாம்பலும் குப்பை மண்ணும். காந்த உணர்கருவியை மண்ணின் மேல் ஆட்டிப் பார்த்தார்கள். கத்தியது, ஆனால் சுற்றுவட்டாரம் பூராவும் கத்தியது. பழைய வேலியின் கம்பித் துண்டுகள். நானாக இருந்தால் முளை இருக்கும் இடத்திலேயே புதுக் கல் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். சர்வேயர் கிளம்பவில்லை. பாக்சிக் குந்தி உட்கார்ந்து, பாராங்கின் முனையால் மண்ணைச் சிறிது சிறிதாகக் குத்திப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். முளைக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, கத்தி 'டக்' என்றது. மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையால் தோண்டினார். ஒன்றரை அடி ஆழத்தில், முருங்கை வேர் சுற்றிக்கொண்டிருக்க, துருப்பிடித்த இரும்புக் குழாய். வாயில் சிமெண்டு அடைத்திருந்தது. வேரை வெட்டி எடுத்து, குழாயின் உதட்டைத் துணியால் துடைத்து, அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "இனி டாக் பெர்னா கெனா காச்சாவ்" என்றார்; யாரும் கைவைக்காதது என்று பொருள்.

இப்போது ஒரு கேள்வி. கருவி சொன்ன இடம் ஒன்று, குழாய் இருக்கும் இடம் ஒன்று, நடுவில் ஒரு சாண். எதை எடுப்பது? பயிற்சிப் பெண் திரையைப் பார்த்தாள். சர்வேயர் குழாயைப் பார்த்தார். காலையில் தள்ளிவிட்ட மாமரத்துக் கல்லுக்குப் பதில் பிடித்த கல்லை இன்னொரு முறை சரிபார்க்கச் சொன்னார். அந்தக் கல்தான் சாய்ந்திருந்தது. அதை விட்டுவிட்டு நான்காவது ஒன்றிலிருந்து திரும்பக் கணக்குப் போட்டதும் முளை குழாயின் மேலேயே வந்து விழுந்தது. பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் காசு கொடுத்தது இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய விதிப்படி, முதல் தர அளவையில் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிக்கும்போது 8,000-க்கு 1 என்ற அளவுக்கு மேல் பிழை இருக்கக் கூடாதாம். எங்கள் லாட்டின் சுற்றளவு 150 மீட்டருக்குப் பக்கம்; கணக்குப் பார்த்தால் 2 சென்டிமீட்டருக்குள். சுவர்க்காரரின் டேப்புக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை.

முடிவு: முன்பக்கம் சுவர் சரியாக எல்லையில் நிற்கிறது. பின்பக்கம் போகப் போக எங்கள் பக்கம் சாய்ந்து, கடைசியில் 38 சென்டிமீட்டர் உள்ளே. முக்கோணமாக ஏறக்குறைய 100 சதுர அடி. அம்மாவின் கண் தப்பவில்லை. ஆனால் அம்மாவுக்குப் பிடிக்காத செய்தியும் ஒன்று இருந்தது: மறுபக்க எல்லையில் எங்கள் கோழிக்கூண்டு ஒரு ஜாண் அடுத்த லாட்டில் இருக்கிறது. "அது தாத்தா கட்டினது" என்றார் அம்மா, அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

தேநீர் குடிக்கும்போது சர்வேயரைப் பேசவிட்டேன். அவர் யூடிஎம்மில் (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) படித்து வெளியே வந்த காலத்தில் கோணம் அளக்கும் தியோடலைட்டும் எஃகு நாடாவும்தான். அதற்கும் முந்தியவர்கள் சங்கிலி இழுத்தவர்கள். 66 அடி, 100 இணைப்பு, பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். பழைய பிளான்களில் நீளம் இணைப்புக் கணக்கில்தான் இருக்கும், எங்களுடையதிலும் அப்படியே. மடக்கைப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார்களாம், இரவு லாந்தர் வெளிச்சத்தில் களப் புத்தகத்தை மறுபிரதி எடுப்பார்களாம். இப்போது களப் புத்தகமே போய்விட்டது. கருவி எண்களைக் கோப்பாகக் கொடுக்கிறது, கோப்பு அளவைத் துறைக்கு இணையத்தில் போகிறது. அளவையை மின்னணு முறைக்கு மாற்றிய இ-கடாஸ்டர் திட்டம் வந்தபோது சொன்ன இலக்கு, கிராண்டுக்கான அளவை முடிய ஆன இரண்டு வருடத்தை இரண்டு மாதமாக்குவது. லாட்டுகளின் மூலைகளையெல்லாம் ஒரே வலையாகக் கோர்த்துச் சரிசெய்த டிஜிட்டல் தரவுத்தளம் ஒன்றும் வந்துவிட்டது. ட்ரோன் வேறு. ஐம்பது ஏக்கர் மேடு பள்ளத்தைப் படம் பிடிக்க இப்போது ஆள் காட்டுக்குள் போக வேண்டியதில்லை.

"அப்போ உங்க தொழில் சுலபமாயிடுச்சு" என்றேன்.

"அளக்கிறது சுலபமாயிடுச்சு. ஆனா பாக்சிக் மாதிரி ஆள் கிடைக்கிறதில்ல. பையனுங்க கருவி சொன்ன இடத்துல கல்லு இல்லன்னா, கல்லு இல்லன்னே எழுதிடுறானுங்க."

பயிற்சிப் பெண் இதை ஏற்கவில்லை. தரவுத்தளம் இருந்ததால்தான் எங்கே தோண்டுவது என்றே தெரிந்தது, இல்லாவிட்டால் பாக்சிக் தோட்டம் முழுக்கக் குத்திக்கொண்டிருப்பார் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சர்வேயர் பதில் சொல்லாமல் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

இனி குறைகள். அறிக்கை தாமதமாக வந்தது. கேட்டால் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும், பாதி காற்றுச் சத்தம். பிளானில் எல்லாம் மலாய்ச் சுருக்கெழுத்துகள். எனக்கு ஓரளவு புரியும், அம்மாவுக்கு யார் சொல்வது? சுவர் இத்தனை சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று ஒரு வாக்கியமாவது தெளிவாக எழுதியிருக்கலாம். அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வாங்கிய பிறகு நன்றாகவே எழுதிக் கொடுத்தார்கள், கல்லின் புகைப்படங்களோடு. நீங்கள் போனால் விலை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்: எந்தெந்தக் கல் பழையது, எந்தெந்தக் கல் புதிதாக ஊன்றியது, அருகில் இருக்கும் சுவரோ வேலியோ எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எல்லாம் கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும் என்று. அப்புறம், அம்மாவின் வெற்றிலைக் கொடியை முக்காலி வைக்க மிதித்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டார்கள், கொடி பிழைத்துக்கொண்டது.

இன்னொன்றையும் எதிர்பார்க்காதீர்கள்: பஞ்சாயத்து. அண்ணன் அவரை அங்கள் வீட்டுக்கு வந்து பேசச் சொன்னார். "கல்லைக் காட்டுறது என் வேலை. சண்டைக்கு நான் வர்றதில்ல" என்று ஒரே வரியில் முடித்தார். அப்போது எரிச்சலாக இருந்தது. யோசித்தால் சரிதான். ஒரு பக்கம் சேர்ந்து பேசிய சர்வேயரின் பிளானை மறுபக்கம் எப்படி நம்பும்? பிளானை நானே எடுத்துக்கொண்டு அங்களிடம் போனேன். அவர் குழாயைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார், வந்து பார்த்தார், குத்தகைக்காரரை ஹொக்கியனில் நன்றாகத் திட்டினார். பின்பகுதிச் சுவரை இடித்து மாற்றுவதா, இல்லை அந்தத் துண்டுக்கு ஏதாவது எழுத்து ஒப்பந்தம் போடுவதா என்று பேச்சு நடக்கிறது. எங்கள் கோழிக்கூண்டு விஷயத்தை அடுத்த லாட்டுக்காரர் இன்னும் எழுப்பவில்லை, நாங்களும் எழுப்பவில்லை.

போகிற போக்கில் அண்ணன் கேட்ட இன்னொரு கேள்வியையும் எழுதிவிடுகிறேன், நிறையக் குடும்பங்களுக்கு உதவும். "நாங்க மூணு பேரு. இதை மூணா வெட்டித் தனித்தனி கிராண்ட் போடலாமா?" முடியாது. நிலத்தின் வகை விவசாயம் என்று இருந்தால், பிரிக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு ஹெக்டேரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் குறையக் கூடாது. எங்களுக்கு மொத்தமே அதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. வகையைக் கட்டடம் என்று மாற்றினால் கதை வேறு. அதற்கு நில அலுவலகத்தில் மனு, திட்டமிடல் அனுமதி, மாற்றத்துக்கான பிரீமியம் என்று ஒரு பாடு இருக்கிறது. கூட்டுப் பெயரில் வைத்துக்கொண்டு பங்கை மட்டும் எழுதிக்கொள்வதுதான் நம்மில் பலர் செய்வது. அது அடுத்த தலைமுறையில் முப்பது பெயராகி, ஒருவர் கையெழுத்துக்காக எல்லோரும் காத்திருப்பதை வாரம் ஒருமுறையாவது என் மேசையில் பார்க்கிறேன்.

வகை மாற்றிப் பிரிக்கும் வேலைக்கும் இவரிடமே விலை கேட்டோம். எல்லைக்கல் வேலைக்கு நியாயமாக இருந்தவர், இதற்குச் சொன்ன தொகை அண்ணனுக்கு ஒப்பவில்லை. எனக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது. வாரியத்தின் பட்டியலிலிருந்து இன்னும் இரண்டு அலுவலகங்களுக்கு எழுதியிருக்கிறேன். தென் செபராங் பிறை நில அலுவலகத்தில் இந்த மாதிரி மனுவை முடித்துக் கொடுத்த அனுபவமுள்ள சர்வேயர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எவ்வளவு ஆனது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.